நூல் செத்துப்போகும்

"கையில தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார், மாமா" என்றாள் மருமகள். இரண்டு கைகளிலும் விரல் நுனி வரை கட்டுப் போட்டிருந்தாள்.

மாமனார் கட்டைப் பார்த்தார். பிறகு கொடியைப் பார்த்தார். கொடி காலியாக இருந்தது. அவருடைய கைத்தறிச் சட்டையும் வேட்டியும் அழுக்காக வாளி நிறையக் கிடந்தன. நாளைக்குப் போட ஒன்றும் இல்லை.

"அப்ப யார் துவைக்கிறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டில் கைத்தறி வெறும் துணி இல்லை, குடும்பச் சொத்து. மாமனாரின் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனதற்காக மண்டை உடைந்து, சிறைக்கும் போய்வந்தவர். ரத்தக் கறையோடு அவருடைய சட்டை கூடத்தில் கண்ணாடிக்குள் தொங்கியது. அப்பா காலத்தில் அந்தத் துணிக்கு அடி கிடைத்தது; மகன் காலத்தில் மேடையில் நாற்காலி கிடைத்தது. அதற்காக மகனைக் குறை சொல்வானேன், நாற்காலி போட்டால் உட்காரத்தானே வேண்டும்.

கையால் நெய்ததைக் கையால்தான் துவைக்க வேண்டும், மிஷினில் போட்டால் நூல் செத்துப்போகும் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையை முப்பது வருஷம் கட்டிக் காத்தவள் மாமியார். அவள் விரல்கள் மடங்கி, நிமிராமல் போன பிறகு மகனுக்கு அவசரமாகப் பெண் பார்த்தார்கள்.

பெண் வீட்டார் ஒரு வாஷிங் மிஷின் கொடுத்தார்கள். மாமனார் கொள்கைக்காரர், எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வந்ததை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூடத்து மூலையில் கைத்தறி விரிப்பைப் போர்த்திக்கொண்டு, அவர் வாங்கிய கேடயங்களைத் தலையில் சுமந்தபடி அது நின்றது.

மருமகள் குழந்தைகள் வார்டில் நர்ஸ். வெடித்த கையோடு பச்சைக் குழந்தைகளைத் தொடக்கூடாது என்று விடுப்பில் அனுப்பியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் கை ஆறாவிட்டால் வேலைக்கு வேறு ஆள். புருஷனிடம் சொன்னாள். அப்பாவிடம் பேசுகிறேன் என்றான். கல்யாணமான நாளிலிருந்தே அவன் அப்பாவிடம் பேசப்போகிறவன்தான்.

அன்று பார்த்து மாமனாரின் கட்சி இளைஞர்கள் கேமராவோடு வந்து இறங்கினார்கள். ஆண்டு விழாவில் காட்ட ஒரு சின்னப் படம் வேண்டுமாம். மாமனார் கண்ணாடிக்குள் இருந்த சட்டையின் முன்னால் நின்று உருகினார். அந்தக் காலத்தில் நூற்றதும் கை, நெய்ததும் கை, துவைத்ததும் கை என்றார். யார் கை என்று சொல்லவில்லை.

துணி துவைப்பதுபோல ஒரு காட்சி இருந்தால் எடுபடும் என்றான் கேமராக்காரன். மாமனாரின் கையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுத் தயங்கினான். உழைத்த கையாக வேறு யாருடையதாவது கிடைக்குமா என்று கேட்டான். மாமனார் மருமகளைக் கூப்பிட்டார்.

அவள் கட்டை அவிழ்த்துக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் பிளந்து, உள்ளங்கை தோலுரிந்து கிடந்தது. கேமராக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இது வேணாங்க. பாக்குறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

பார்க்கிறவர்களின் கஷ்டத்தைப் பற்றித்தான் அங்கே எல்லாருக்கும் கவலை.

நுரையை நிறையப் போட்டால் மாமனாரின் கையே போதும் என்று முடிவாயிற்று. அவர் வாளியின் முன்னால் உட்கார்ந்து, கேமராக்காரன் சொல்லிக்கொடுத்தபடி கேமராவைப் பார்த்துப் பேசினார்: "என் துணியை நானேதான் துவைப்பேன். இன்னொரு கையில குடுக்கமாட்டேன்."

காட்சி முடிந்ததும் எழுந்து, மீதியைப் பார்த்துக்கொள்ளும்படி மருமகளிடம் சொன்னார். அதுவரை கதவோரம் நின்றிருந்த மாமியார் வாளியை அவர் பக்கம் காலால் நகர்த்தினாள்.

"இன்னொரு கையில குடுக்கமாட்டேன்னு இப்பத்தான சொன்னீங்க. முடிச்சுட்டே எந்திரிங்க."

இளைஞர்கள் அதைப் பெருமைப் பேச்சு என்று நினைத்துக் கைதட்டினார்கள். மாமனார் மறுபடி உட்கார்ந்தார்.

விழாவில் படம் ஓடியது. அதன் பிறகு அவர் துவைப்பதைப் பார்க்கத் தினமும் காலையில் நாலு பேர் வந்தார்கள். வந்தவர்களை ஏமாற்ற முடியவில்லை. மருமகளின் கை ஆறியது. மாதம் முடிவதற்குள் வார்டுக்குத் திரும்பினாள். இரண்டே வாரத்தில் மாமனாரின் விரல் இடுக்கு வெடித்தது. மூன்றாம் வாரம் கட்சிக் கூட்டத்தில், தீர ஆராய்ந்து பார்த்ததில் மிஷினில் போட்டால் நூலுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரியவந்திருப்பதாக அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

அன்று மருமகள் வேலை முடிந்து வந்தபோது கேடயங்கள் தரையில் இருந்தன. கட்டுப் போட்ட கைகளோடு மாமனார் மிஷின் முன்னால் நின்று, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மருமகள் பழக்க தோஷத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் போனாள்.

மாமியார் தன் மடங்கிய விரல்களால் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முப்பது வருஷமா செத்துப்போற நூலு, ரெண்டு வாரத்துல பொழச்சுக்கிச்சு. அதைக் கண்டுபிடிச்சவர் பொத்தானைக் கண்டுபிடிக்கமாட்டாரா? நீ வா, சாப்பிடலாம்."