சம்பந்தி பக்கம் சாய்ந்த எழுத்து

1952 தை மாதம் பன்னிரண்டாம் நாள் காலையில் கோட்டாறு அச்சகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: பெண்ணின் தகப்பனார் நாராயணபெருமாள் பிள்ளை, அவர் மைத்துனன் ஈஸ்வரமூர்த்தி, அச்சக முதலாளி ஞானசிங், அச்சுக்கோக்கும் ஏசுஅடிமை. வேறு யாரும் இல்லை.

மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் உத்தியோகம். அவருடைய அதிகாரிகளுக்காகக் கல்யாணக் கடிதத்தின் மறுபக்கம் இங்கிலீஷில் அச்சாக வேண்டியிருந்தது. மாதிரித் தாளை வாங்கிப் பார்த்த பிள்ளை, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். இடப்பக்கம் அவர் பெயர், வலப்பக்கம் சம்பந்தி பெயர். எழுத்தெல்லாம் வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“என்ன வே இது, காத்துல சாஞ்ச நெல்லு மாதிரி?”

“இட்டாலிக் அண்ணாச்சி,” என்றார் ஏசுஅடிமை. “பேனா பிடிச்சு எழுதுன எழுத்தைப் பாத்து வார்த்தது. ஏறுற கோடு மயிரிழை, இறங்குற கோடு கனம். ஒவ்வொண்ணுக்கும் காலுல சின்னதா ஒரு சுழிப்பு. புஸ்தகம் பூரா இதைப் போட்டா கண்ணு வலிக்கும். ஒரு பேரைத் தனிச்சுக் காட்டணும், இல்லைன்னா நாலு பேரை அழைக்கணும், அதுக்குத்தான் இது. நிமிந்த எழுத்து உத்தரவு போடும். இது வாங்கன்னு கூப்பிடும்.”

“கூப்பிடட்டும். குனிஞ்சுதான் கூப்பிடணுமா? அதுவும் சம்பந்தி பக்கமாட்டு?”

ஏழு தலைமுறையாகப் பெண் கொடுத்த வீடு பிள்ளையுடையது. கொடுத்த இடத்தில் ஒருவரும் வளைந்து நின்றதில்லை. திருவனந்தபுரத்துக்காரர்கள் இந்தக் கடிதத்தைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்பதே பிள்ளையின் கவலை.

“என் பேரை மட்டும் நிமித்தி வையும்.”

ஏசுஅடிமை அந்தப் பெயரை நேர் எழுத்தில் கோத்து, மை தடவி ஒற்றிக் கொடுத்தார். சாய்ந்த வரிகளுக்கு நடுவே நேராக நின்ற அந்தப் பெயர், பின்பக்கமாக மல்லாந்து விழப்போவதுபோலத் தெரிந்தது.

“அத்தான், எல்லாரும் பந்திக்கு நடக்காவ. நீங்க மட்டும் சோறு வேண்டாம்னு பின்னால சாயுதிய,” என்றான் ஈஸ்வரமூர்த்தி.

ஞானசிங்குக்கு அந்த நேரம் பார்த்து மேசைக்கு அடியில் எதையோ தேட வேண்டியிருந்தது.

பிள்ளை சிரிக்கவில்லை. முதல் தாளை மறுபடி எடுத்தார். அதில் அவர் பெயரின் முதலெழுத்து, தோளில் நேரியலை வீசிப் போட்டாற்போல வால் நீட்டி நின்றது. அழகாகத்தான் இருந்தது. இரண்டு பெயர்களையும் விரலால் மாறி மாறித் தொட்டார்.

“வே, ரெண்டு பேரையும் இடம் மாத்தினா?”

“சம்பந்தி உங்க பக்கம் சாய்வாரு அண்ணாச்சி.”

“அப்போ நீங்க யாரு பக்கம் சாய்விய அத்தான்?”

“தாளுக்க ஓரத்துப் பக்கம்லே. அங்க யாரும் இல்ல.”

கல்யாணக் கடிதத்தில் பெண் வீட்டார் பெயர் வர வேண்டிய இடப்பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெயர் வந்தது அச்சகத்தின் பிழை என்று திருவனந்தபுரத்தில் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். பிழை இல்லை. பிள்ளை சொல்லித்தான் அப்படி அச்சாயிற்று.