எண் உட்காரும் வரை

கண்ணாடிக் குமிழைத் துடைக்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். அவள் மெல்லிய காகிதத்தை மடித்து, தண்ணீரின் புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டரின் முனையில் தொங்கிய துளியை மட்டும் ஒற்றி எடுத்தாள். கீழே கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். சுடுகாட்டு வண்டி பத்து மணிக்கு வரும். இப்போது எட்டேகால்.

விடியும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைக் கொண்டுவந்து இறக்கியதும், யாரிடமும் சொல்லாமல் மாடிக்கு ஏறி அவள் செய்த முதல் வேலை இந்த மீட்டரை ஊறவைத்ததுதான். பதினோரு நாளாக யாரும் தொடாததில் மூடிக்குள் இருந்த சொட்டு நீர் வற்றி, குமிழ் காய்ந்து, ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.

அந்த அறையில் வெள்ளைக் குழாய்கள் மூன்று அடுக்காகச் சுவரோரம் ஓடின. மண் கிடையாது. குழாயின் துளைகளில் லெட்யூஸ் கீரைச் செடிகள் உட்கார்ந்து, தொட்டியிலிருந்து மோட்டார் ஏற்றி விடும் உரத்தண்ணீரில் வேரை நனைத்துக்கொண்டிருந்தன. அந்தத் தண்ணீரின் பி.எச். ஆறை ஒட்டி நிற்க வேண்டும். ஏறிவிட்டால் தொட்டி நிறைய உரம் இருந்தும் செடி பட்டினிதான். "வாயைத் தைச்சுட்டு விருந்து வைக்கிற மாதிரிடி" என்பாள் அக்கா.

கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருஷம் கரைசல் கலந்து கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். கண்ணில் புரை விழுந்த பிறகு எண்ணைப் படிப்பது தங்கையின் வேலையாயிற்று. தினமும் காலையில் தையல் மெஷினிலிருந்து எழுந்து வரவேண்டும். முதலில் மீட்டருக்கு உண்மையைக் காட்ட வேண்டும். சரியாக ஏழு இருக்கும் மஞ்சள் கரைசலில் ஒரு முறை, நாலு இருக்கும் சிவப்புக் கரைசலில் ஒரு முறை. அக்கா மீட்டரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருப்பாள்.

"உக்காந்துச்சா?"

"உக்காந்துருச்சுக்கா." தைத்து முடிக்காத ரவிக்கை ஞாபகத்தில் அவசரமாகச் சொல்வாள்.

அக்கா மீட்டரை அசைக்காமல் பிடித்திருப்பாள். பிறகு, "இப்ப?"

குனிந்து பார்த்தால் எண் வேறெங்கோ போயிருக்கும்.

"தட்டப் பாத்ததும் உக்கார அது என்ன நம்ம அண்ணனா? நேரம் எடுக்கும்டி."

"கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்னக்கா? நான் அரை இஞ்ச் தப்பினா பிரிச்சுத் தைக்கல?"

"துணியப் பிரிச்சுத் தைக்கலாம். தண்ணிய எப்படிடி பிரிச்சுத் தைப்ப?"

நேற்று மாலை ஆஸ்பத்திரியில், ஆக்ஸிஜன் முகமூடியை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு அக்கா கேட்டாள். "தண்ணி எவ்ளோ இருக்கு?"

"ஆறுதாங்க்கா."

"பாத்தியா?"

"பாத்துட்டுத்தானே வரேன்."

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனவள் மாடிப்படியில் கால்கூட வைக்கவில்லை. அக்காவின் வாயிலிருந்து "இப்ப?" வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மஞ்சள் கரைசலைச் சின்னக் கோப்பையில் ஊற்றி முனையை இறக்கினாள். 7.3 காட்டியது. மெல்ல இறங்கியது. நின்றது போலிருந்தது. அவள் கை எண்ணைப் பதியவைக்கும் பொத்தானை நோக்கிப் போய்த் திரும்பியது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். கேட்க யாருமில்லாத அறையில் காத்திருப்பது நீளமாக இருந்தது. பிறகு பொத்தானை அழுத்தி, முனையை அலசி, ஒற்றி, சிவப்புக் கரைசல். அதன் பிறகுதான் தொட்டி.

7.1.

நுனி இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளிறிக் கிடந்ததை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

அண்ணன் மூச்சு வாங்க மேலே வந்தார். "சின்னவளே, பெரியவ பக்கத்துல இருக்க வேண்டிய நேரத்துல இங்க என்னம்மா பண்ற? மோட்டாரையாவது நிறுத்து. கீழ எல்லாரும் என்ன சத்தம்னு கேக்கறாங்க."

"நிறுத்தினா மதியத்துக்குள்ள வேர் காஞ்சிடும்ணே."

"காயட்டுமே. இனிமே இத யார் பாக்கப் போறா? நாளைக்கே ஆள் வரச்சொல்லி கழட்டிடலாம்."

அவள் ஊசிக்குழாயில், எண்ணை இறக்கும் அமிலத்தை இழுத்தாள். "நேத்து அக்கா கேட்டா. ஆறு இருக்குன்னு சொல்லிட்டேன்."

"சரி."

"ஏழு இருக்குண்ணே."

அண்ணன் தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூலையில் கவிழ்த்து வைத்திருந்த வாளியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாளி முனகியது.

"பத்து மணிக்குள்ள ஆறு ஆயிடுமா?"

"தெரியல."

"மொத்தமா ஊத்திட வேண்டியதுதானே?"

"ஊத்தினா தடால்னு இறங்கிடும். கொஞ்சம் ஊத்தி, கலக்க விட்டு, பாக்கணும்."

"அப்படியே அவள மாதிரியே பேசற" என்றார் அண்ணன். பிறகு துண்டை எடுத்து முகத்தை அழுத்திக்கொண்டார்.

6.8. பத்து நிமிஷம். 6.5. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. 6.2. தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கீழிருந்து அண்ணி கூப்பிட்டாள்.

"வரோம்னு சொல்லு" என்று அண்ணன் இறங்காமலே குரல் கொடுத்தார்.

கடைசியாக அரை மில்லி விட்டுக் கலக்கவிட்டாள். பிறகு முனையை இறக்கினாள். அண்ணன் எழுந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஆறு வந்துடுச்சே! வா, போலாம்."

"இன்னும் உக்காரலண்ணே."

அவர் திரும்பிப் போய் வாளியில் உட்கார்ந்தார். எண் 5.9க்குப் போயிற்று, திரும்பியது, 6.1ஐத் தொட்டது. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு குனிந்து பார்த்தாள். 6.0. மறுபடி ஜன்னல். மறுபடி 6.0.

தினமும் எண்ணைக் குறிக்கச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் நேற்று வரை பதினோரு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பார்க்காத எண்ணை எழுதக் கூடாது. நேற்றைய கட்டத்தின் மேல் பென்சில் ஒரு கணம் நின்றது, பிறகு நகர்ந்து இன்றைய கட்டத்தில் எழுதியது. முனையை அலசி, ஒற்றி, மூடிக்குள் இரண்டு சொட்டு விட்டு மூடினாள்.

அண்ணன் வாசலில் அவளுக்காக நின்றார். சுவரில் விளக்குக்கும் மோட்டாருக்குமாக இரண்டு சுவிட்சுகள் இருந்தன. விளக்கை மட்டும் அணைத்தார்.