கச்சேரி மேல் கொடி ஏற்றியவர்

ஒரு மனுஷனின் வாழ்க்கையை ஒரே பக்கத்தில் எழுதுவது சாந்திமதி டீச்சருக்குக் கஷ்டமாகத் தோன்றவில்லை, வடிவு வந்து கேட்கும் வரைக்கும்.

1972ஆம் வருஷம். சுதந்திரத்தின் வெள்ளி விழா. காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஆதிகேசவன் ஒரு கமிட்டியைக் கூட்டி, தாலுகா கச்சேரிக்கு எதிரே தியாகி அபிநந்தன் நயினாருக்குக் கல் நடுவதென்று முடிவு செய்தார். நாற்பத்திரண்டு ஆகஸ்டில் பட்டப்பகலில் அந்தக் கச்சேரி மாடியில் ஏறி, வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிட்டு மூவர்ணக் கொடியைக் கட்டியவர் அபிநந்தன். பிடிபட்டு, வடக்கே ஏதோ ஒரு ஜெயிலில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார். ஊருக்குத் தெரிந்த சரித்திரம் அவ்வளவுதான்.

"கல்லு திறக்கறப்ப அவர் கதையை நீங்கதான் படிக்கணும் டீச்சர். நீங்களும் சமணர் வீட்டுப் பொண்ணு, சரித்திர டீச்சர் வேற," என்றார் ஆதிகேசவன்.

சாந்திமதி ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். வீரம், தியாகம், இளமை என்று நல்ல நல்ல வார்த்தைகளாகப் போட்டு எழுதினாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டபோது கேட்டருகே ஒரு பெண்மணி நின்றிருந்தாள். சாயப் பட்டறையில் வேலை செய்பவள் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. முழங்கை வரைக்கும் அரக்குச் சிவப்பு.

"டீச்சரம்மா, என் பேரு வடிவு. ஊரு முசரவாக்கம். நயினார் கதைய நீங்க எழுதறீங்கன்னு சொன்னாங்க. அவரு செத்த தேதி தெரியுமாம்மா?"

"வருஷம் தெரியும். தேதியை விசாரிக்கணும். உங்களுக்கு எதுக்கு?"

"படையல் போடத்தான்."

சாந்திமதிக்கு விளங்கவில்லை. "நயினாருக்கு நீங்க ஏன் படையல் போடறீங்க?"

வடிவு சுற்றுமுற்றும் பார்த்தாள். "செத்தது நயினார் இல்லமா. எங்க அண்ணன் முனுசாமி. கொடி கட்டினதும் அதுதான்."

வேப்பமரத்தடிக்கு அவளை அழைத்துப் போய் உட்காரச் சொன்னாள் சாந்திமதி. வடிவு உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"அப்ப நான் சின்னப் பொண்ணு. லாக்கப்புக்குக் கூழு எடுத்துக்கினு போனேன். கம்பி வழியா எங்கண்ணன் சொல்லிச்சு: 'யார் கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னு சொல்லு. நயினார் வீட்டுப் புள்ள அபிநந்தன்னு எழுதிக் குடுத்திருக்கேன். நெலக்காரன் வீடுன்னா போலீசு யோசிப்பான். நம்ம பேரு தெரிஞ்சா சேரியக் கொளுத்திடுவான்.' அதோட வண்டியில ஏத்திக்கினு போயிட்டாங்க. சாவுச் சேதி நயினார் வீட்டுக்குப் போச்சு. எங்களுக்கு ஒண்ணும் வர்ல. போகி அன்னிக்கு, போய்ச் சேந்தவங்க எல்லாரோடயும் சேத்து அதுக்கும் ஒரு வேட்டி வெச்சுப் படைக்கிறோம். அதுக்குன்னு தனியா ஒரு நாளு இல்லமா."

"அப்போ நிஜ அபிநந்தன் எங்க?"

"அவரு அதுக்கு முன்னாடியே வீட்ட வுட்டுப் பூட்டாரு. எங்கண்ணனும் அவரும் ஏரிக்கரையில உக்காந்துக்கினு பேசிக்கினே இருப்பாங்க. என்னா பேசினாங்களோ, யாருக்குத் தெரியும்?"

சாந்திமதி வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் குழம்பினாள். பொய்யா? பொய் சொல்கிறவள் தியாகி பென்ஷன் கேட்பாள், கல்லில் பேர் கேட்பாள். இவள் கேட்டது ஒரு தேதி. நிஜமென்றால், ஜெயிலுக்கே போகாத மனிதருக்கா ஊர் கூடிக் கல் நடுகிறது?

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து முசரவாக்கம் போனாள். நயினார் வீடும் அதே ஊர்தான். அபிநந்தனின் அக்கா மதனவதி களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். நரைத்த தலை, நிமிர்ந்த உடம்பு.

"செத்த தேதியா? ஐப்பசிப் பௌர்ணமி கழிஞ்சு மூணாம் நாள்," என்றாள் யோசிக்காமல். "தபால் வந்தது தீபாவளிக்கு முந்தின நாள். மறுநாள் மகாவீரர் மோட்சம் போன நாளுன்னு எல்லா வீட்டுலயும் விளக்கு ஏத்தினாங்க. எங்க வீடு மட்டும் இருட்டா கிடந்தது."

சாந்திமதி தயங்கித் தயங்கி வடிவு சொன்னதையெல்லாம் சொன்னாள். சத்தம் போடுவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தாள். மதனவதி நெல்லைத் துழாவுவதை நிறுத்தினாள்.

"அவ அண்ணன் கட்டியிருக்கலாம் சாந்தி."

"என்னக்கா சொல்றீங்க?"

"அறுபத்தொண்ணுல கர்நாடகத்துக்கு யாத்திரை போனோம். ஒரு முனிவர் ஆகாரத்துக்கு வந்தார். திகம்பரர். மயிற்பீலியும் கமண்டலமும் தவிர ஒண்ணும் கிடையாது. நின்னபடியே ரெண்டு கையையும் சேத்து ஏந்தினார். நான்தான் தண்ணி ஊத்தினேன். இடது சுண்டுவிரல் கோணலா இருந்தது. அபிக்குச் சின்ன வயசுல தண்ணி இறைக்கற ஏத்தத்துல மாட்டி அப்படித்தான் ஆச்சு."

"கேட்டீங்களா?"

"துறவிகிட்ட பழைய பேரைக் கேக்கக் கூடாது. ஆனா கேட்டேன். பீலியைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிட்டார். சில நாள் அவன்தான்னு தோணும். சில நாள், ஊர்ல எத்தனை பேருக்குச் சுண்டுவிரல் கோணலா இருக்கும்னு தோணும்."

"அப்போ கல்லுல அவர் பேரு?"

"தியாகியப் பெத்தவன்னு எங்கப்பா சாகற வரைக்கும் தலை நிமிர்ந்து நடந்தார். அதை நான் எப்படி அழிப்பேன்? அந்தப் பொண்ணோட அண்ணனைத்தான் எப்படி மறைப்பேன்? நீ படிச்சவ. நீ சொல்லு."

 சாந்திமதி பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் திரும்பினாள்.

சாயப் பட்டறையில் வடிவைத் தேடிப்போய்த் தேதியைச் சொன்னாள். வடிவு அதை வாய்க்குள் மூன்று நான்கு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "உங்க அண்ணன் பேரை மேடையில சொல்லட்டுமா?" என்று கேட்டபோது, "சொல்லுங்கமா," என்றாள். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். "வாணாம்மா. அந்தப் பேர எங்கண்ணன் அதுவாத்தான எடுத்துக்கிச்சு? நம்ப எதுக்கு அவுத்து எறியணும்?" மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். "சொல்லிடுங்கமா. எங்கம்மா ஒரு நாள்கூட அது பேரச் சொல்லி வாய்விட்டு அழுவல."

ஆதிகேசவனிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கல்லு செதுக்கியாச்சு டீச்சர். பந்தல்காரன் வந்துக்கினே இருக்கான். இப்பப் போய் ரெண்டு பேருங்கிறீங்க!"

சுதந்திர தினத்தன்று நல்ல கூட்டம். முன் வரிசையில் மதனவதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வடிவு பந்தல் காலைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள். சாந்திமதி மைக் முன்னால் போய் நின்றபோதும் எதைப் படிப்பதென்று தீர்மானிக்கவில்லை. எழுதியதைப் படித்துக்கொண்டே போனாள். கொடி கட்டிய இடம் வந்ததும் நிமிர்ந்தாள். பிறகு தாளைப் பார்க்காமல் சொன்னாள்:

"கொடி கட்டியவர் போலீசிடம் சொன்ன பேர் அபிநந்தன். அவருடைய தாய் அவருக்கு வைத்த பேர் முனுசாமி."

மைக் கீச்சிட்டது. அடுத்துச் சொல்ல வேண்டியது, அபிநந்தன் என்று வேறொருவர் உண்டு, அவர் ஊரைவிட்டுப் போனார் என்பது. மதனவதியின் முகத்தைப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். கூட்டம் கை தட்டியது. பந்தல் ஓரத்தில் வடிவு அந்தச் சிவந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு, இத்தனை வருஷமும் அடக்கிவைத்ததை அழுதாள். பக்கத்திலிருந்தவர்கள் தேசபக்தியில் அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையிலேயே ஆதிகேசவன் பத்திரிகையும் கையுமாக சாந்திமதி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பாத்தீங்களா டீச்சர்? 'அபிநந்தன் நயினார் என்கிற முனுசாமி'ன்னு போட்டிருக்கான். தியாகியோட இயற்பேரைக் கண்டுபிடிச்ச டீச்சர்னு உங்க பேரும் வந்திருக்குது! நயினார் வீட்டுக்காரங்களும் நம்ம ஆளுங்கறாங்க, சேரியில இருந்தும் நம்ம ஆளுன்னு மாலை எடுத்துக்கினு வராங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

சாந்திமதி பத்திரிகையை இரண்டு தரம் படித்தாள். இரண்டு பேராகப் பிரிக்கத்தானே அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாள்? ஊர் இரண்டு பேரையும் ஒரே ஆளாக முறுக்கிவிட்டதே!

"அது தப்பு ஐயா. அவங்க ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர்."

"சரி, ரெண்டு பேர். ஒருத்தர் ஜெயில்ல செத்தார். இன்னொருத்தர் என்ன ஆனார்?"

சாந்திமதி வாயைத் திறந்தாள். மதனவதி சொன்ன கோணல் விரல் ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல அவளுக்கு என்ன பாத்தியதை?

"தெரியல," என்றாள்.

"நீங்களே தெரியலன்னா எப்படிமா?" என்று சிரித்துக்கொண்டே, அவள் நீட்டிய காப்பியை வாங்கிக்கொண்டார் ஆதிகேசவன்.