அடிக்குறிப்போடு ஒட்டிய அறிவிப்பு

கிஸ்லேன் தொய்ரோன் பத்தொன்பது வருடமாக மார்ட்டன்வில் நகரமன்றத்தின் ஆங்கிலத்தைப் பிரெஞ்சாக்கி வருகிறாள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் உள்ள அந்த ஊரின் வழக்கப்படி, எந்த அறிவிப்பும் இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் வெளியாக வேண்டும். ஒன்று முந்திவிட்டால் மற்ற மொழிக்காரர்கள் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு மணிதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு வந்தது ஒற்றை வரி. குளிர்காலத்துக்குள் மன்றம் பழைய ஐஸ் ஹாக்கி அரங்கத்தை ‘அட்ரஸ்’ செய்யுமாம்.

கிஸ்லேன் அந்தச் சொல்லை முறைத்துப் பார்த்தாள். உறைமேல் எழுதினால் அது விலாசம். மேடை ஏறினால் சொற்பொழிவு. நகரமன்றத்தின் கையில் கிடைத்தால், ‘ஏதோ செய்வோம், என்னவென்று கேட்காதே’ என்று பொருள். அரங்கத்தின் குளிரூட்டும் இயந்திரம் மார்ச் மாதமே மண்டையைப் போட்டுவிட்டது. பழுது பார்ப்பதா, இடித்து நிலத்தை விற்பதா என்று மன்றத்தின் ஏழு பேரும் கோடை முழுக்க அடித்துக்கொண்டார்கள்.

பிரெஞ்சிலும் நழுவ வழி இல்லாமல் இல்லை. ‘அதன்மேல் குனிந்து பார்ப்போம்’ என்று போடலாம். ஆனால் பழுதான ஆற்றுப் பாலத்தின்மேல் அதே சொல்லைப் போட்டுப் பதினொரு வருடம் குனிந்து பார்த்தாகிவிட்டது. மன்றத்தார் குனிந்து குனிந்து ஆற்றுக்குள்ளேயே விழுந்துவிட்டார்கள் என்று முடிதிருத்தும் கடையில் இன்னும் சிரிக்கிறார்கள். இனி அது செல்லாது.

மேயர் பெவர்லிக்குப் போன் போட்டாள்.

“அரங்கத்தை என்னதான் செய்யப்போறீங்க?”

“ரிப்பேர்தான், வேறென்ன? ஆனா அப்படி எழுதினா வாலஸ் ஒத்துக்க மாட்டார். ஏழு பேரையும் தலையாட்ட வெச்ச ஒரே சொல் அதுதாம்மா. அதுல கை வெச்சுடாத!”

அடுத்து உறுப்பினர் வாலஸ்.

“இடிக்கிறதுதான். அதை வெளிய சொன்னா பெவர்லி குதிப்பாங்களே, அதான் நாசூக்கா போட்டிருக்கோம்.”

மணி பதினொன்றே முக்கால். அவள் வேலை பார்க்கும் சமையலறை மேசைக்குப் பக்கத்தில் கோழி சூப் கிளறிக்கொண்டிருந்த கணவன் ஓரெலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ரிப்பேர்னு போட்டுட்டுப் போயேன். யாரு ஒப்பிட்டுப் பார்க்கப் போறா? புதுசா வந்திருக்கானே எழுத்தர் வெண்டல், அவனுக்குப் பிரெஞ்சுல வணக்கத்தைத் தாண்டி ஒண்ணும் தெரியாது.”

“அதான் பயமா இருக்கு.”

“வலைக்கு முன்னாடி நின்னு மூஞ்சில அடி வாங்குறவளுக்கு என்ன பயம்?”

அவன் கேலி சுருக்கென்று தைத்தது. ஐம்பத்துமூன்று வயது கிஸ்லேன், வியாழக்கிழமைப் பெண்கள் ஹாக்கி அணியின் கோல் காப்பாளர். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் யாரும் அவளிடம் வாக்கியம் கேட்க மாட்டார்கள். அடுத்த அரங்கம் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. இது போனால் அணியும் போய்விடும். சட்டப்படி இரண்டு பிரதிக்கும் ஒரே மதிப்பு. ஒரு சொல் மாற்றினால் போதும், மன்றம் பழுது பார்த்தே ஆக வேண்டும். ஆசை அவளைப் பிடுங்கித் தின்றது.

ஆனால் அவள் அந்தச் சொல்லைப் போடவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, வழக்கம்போல் கீழே பிரெஞ்சில் ஒரு குறிப்பு எழுதினாள். ஓய்வு பெற்றுப் போன, பிரெஞ்சு தெரிந்த பழைய எழுத்தருக்கு எழுதி எழுதிப் பழகிய கை; ஓரெல் இப்போதுதான் வெண்டலைப் பற்றிச் சொன்னதுகூட அந்தப் பதைப்பில் நினைவுக்கு வரவில்லை.

‘எழுத்தருக்கு: மேயர் பழுது பார்ப்போம் என்கிறார், வாலஸ் இடிப்போம் என்கிறார். இருவருக்கும் ‘அட்ரஸ்’ என்ற ஒரே சொல்தான். நான் அந்த அரங்கத்தில் விளையாடுகிறவள். அது பிழைக்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. அதனாலேயே இதில் நான் சொல் பொறுக்கக்கூடாது. எது என்று கேட்டுச் சொல்லுங்கள்.’

பன்னிரண்டு மணிக்கு வெண்டல் எல்லாவற்றையும் அப்படியே ஊர் வலைத்தளத்தில் ஏற்றிவிட்டான்.

“அடியில இருந்த குறிப்பையுமா போட்ட?” என்று கிஸ்லேன் போனில் அலறினாள்.

“பிரெஞ்சு எப்பவுமே இங்கிலீஷை விட நீளமாத்தானே இருக்கும்? நான் சந்தேகமே படல!”

அவன் அதை நீக்குவதற்குள் பேக்கரிச் சுவரில் அச்சுப்பிரதி தொங்கியது. ஊரே தன் ஆசையைப் படித்துவிட்டதே என்று கிஸ்லேனுக்குக் காதெல்லாம் எரிந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நிற்க இடமில்லை. மேயர் ஆங்கில வரியை வாசித்தார். பிரெஞ்சுக் குறிப்பைப் படித்திருந்த பாதிச் சபை கொல்லென்று சிரித்தது. மறுபாதி திருதிருவென்று விழித்தது. முன்வரிசையில் ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒரு கிழவர் எழுந்தார்.

“எங்களுக்கு மட்டும் ஏன் சுருக்கிப் போட்டீங்க? அவங்களுக்குப் போட்டது அத்தனையும் எங்களுக்கும் வேணும்!”

அந்த ஊரில் பிரெஞ்சை ஆங்கிலமாக்கச் சொல்லி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கிஸ்லேன் எழுந்து தன் குறிப்பை ஆங்கிலத்தில் சொன்னாள். ‘கொள்ளை ஆசை’ என்ற இடத்தில் குரல் தடுமாறியது. யாரும் சிரிக்கவில்லை.

கிழவர் உட்காரவில்லை. “இந்தப் பொம்பளை தனக்கு என்ன வேணும்னு சொல்லிட்டா. இப்ப நீங்க ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

ஏழு பேரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. பழுது பார்க்க நான்கு பேர், இடிக்க மூன்று பேர். வாலஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்த வரி: ‘அரங்கத்தைப் பழுது பார்ப்போம். நவம்பரில் ஐஸ் தயார்.’ கிஸ்லேன் இரண்டே நிமிடத்தில் பிரெஞ்சாக்கி அனுப்பினாள். உடனே வெண்டல் போன் செய்தான்.

“இவ்வளவு குட்டியா இருக்கே! குறிப்பு எதுவும் இல்லையா?”

“ஒண்ணு இருக்கு. வியாழக்கிழமை எட்டு மணி எங்க டீமுக்கு.”

“இதையும் போடவா?”

“போடு. ரெண்டு மொழியிலயும்.”