முன்வாரைக்கு ஒரு நடை டெஸ்ட்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் மருதையன் தோற்றால் எனக்கு லாபம். அப்படிப்பட்ட ஆள் இதை எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாதுதான். ஆனால் எங்கள் ஊரில் கதை எழுதுகிற கிறுக்கு எனக்கு மட்டும்தான் பிடித்திருக்கிறது.

மருதையன் என் மனைவியின் அண்ணன். மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழாவுக்குச் சாமியைத் தோளில் தூக்கும் இருபது பேரில் வலப்பக்க முன்வாரை அவருடையது. வாரை என்பது சாமி பீடத்துக்கு அடியில் போகும் நீள மரம். முன்னால் நிற்பவர் கால் எடுத்து வைத்தால்தான் மற்றவர்கள் எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த இடம் அவருக்கு. அதில் பத்தொன்பது வருடமாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு இரண்டாவதாக நிற்பவன் நாகநாதன், அதாவது நான். அவர் விட்டால் அந்த இடம் எனக்கு.

2

தொடக்கத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

கொட்டுமேளம் முழங்க, மருதையனின் நெஞ்சுக்குள்… (வேண்டாம். நெஞ்சுக்குள் நடந்ததைச் சொல்ல ஒரு மெஷினே வேண்டியிருந்தது.)

அட்ரினலின் என்பது சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து… (பாடம் நடத்துகிறேன். ஓய்வு பெற்றும் வாத்தியார் புத்தி போகவில்லை.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். போன மாதம் நெல் மூட்டை ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயுப் பிடிப்பு என்றார். அவர் மனைவி தனபாக்கியம் நம்பவில்லை. டெஸ்ட் ரிப்போர்ட் வராமல் வாரையில் தோள் கொடுத்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார்.*

* அம்மா காலமாகிப் பத்து வருடமாகிறது. அந்த வீட்டில் தம்பி குடும்பம்தான் இருக்கிறது. இருந்தாலும் மிரட்டல் மிரட்டல்தானே.

3

தஞ்சாவூரில் டாக்டர் தஹ்மீனாவிடம் நான்தான் கூட்டிப் போனேன். மச்சானின் சட்டையைக் கழற்றி, மார்பெங்கும் ஒயரை ஒட்டி, ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள். பெல்ட் இன்னும் ஓடவே இல்லை. திரையில் துடிப்பு நூற்றுப் பதினெட்டு.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உழைக்கும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது, தசைக்கு ரத்தம் போகிறது. அது நியாயமான வேலை. பயந்தாலும் அதே சுரப்புதான், ஆனால் அது வெட்டி வேலை. பாரமும் பயமும் ஒன்றாகச் சேர்ந்தால் இதயத்துக்கே கூடுதல் ரத்தம் வேண்டும். அதற்குப் போகிற குழாய் அடைத்திருந்தால் அங்கேதான் வம்பு. வாய்க்கால் அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு மச்சானிடம் என்ன பயம் என்று கேட்டார்.

"தூக்கக் கூடாதுன்னு சொல்லிருவீங்களோன்னுதாங்க," என்றார் மச்சான்.

(இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் பிரியம் பொங்கியது. எழுதும்போதும் பொங்குகிறது. ஆனாலும் எனக்கு முன்வாரை வேண்டும்.)

4

பெல்ட் ஓட ஆரம்பித்தது. மச்சான் நடந்தார். எப்படி நடந்தார் என்பதுதான் விஷயம். எங்கள் ஊர்ச் சாமி நேராகப் போகாது. மூன்றடி முன்னால், ஓரடி பின்னால், இடுப்பு லேசாக அசைய வேண்டும். உடம்பில் ஒயர் ஏறி, காலடியில் பெல்ட் ஓடியதும் மச்சானுக்குச் சாமியே ஏறிவிட்டதாக நினைப்பு போலிருக்கிறது. மூன்றடி வைத்தார். நாலாவது அடியைப் பின்னால் வைத்தார். மெஷினுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியுமா? சறுக்கிக்கொண்டு வந்து, பின்னால் நாற்காலியில் இருந்த என் மடியில் உட்கார்ந்தார்.

அடி ஒன்றும் இல்லை. நர்ஸ் பூமிகா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். டாக்டர் மச்சானைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, என் விரலில் துடிப்பு பார்க்கும் ஒரு கிளிப்பை மாட்டினார். நூற்று முப்பத்திரண்டு.

"நடந்தது அவரு. உங்களுக்கு எதுக்கு சார் இவ்வளவு?"

மச்சான் சறுக்கிய நொடியில் எனக்குள் ஓடியது பயமா, ஆசையா? இரண்டுக்கும் ஒரே சுரப்பு என்றால் நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

மறுபடி ஏற்றினார்கள். இந்தத் தடவை மச்சான் ஒழுங்காக நேரே நடந்தார். பெல்ட்டை மேடாக்கியும் ஒன்பது நிமிடம் நடந்தார்.

5

முடிவுகள்.

அ) ரிப்போர்ட் மோசம். மச்சான் தன் துண்டை எடுத்து என் தோளில் போடுகிறார். ஊரே பார்க்கிறது. நான் முன்வாரையைத் தொட்டுக் கும்பிட்டு… (இதை இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தேன், நாகஸ்வரத்தில் என்ன ராகம் என்பது வரைக்கும். வெட்கம் தாங்காமல் கிழித்துவிட்டேன்.)

ஆ) ரிப்போர்ட் நல்லது. மச்சான் தூக்கினார். (இவ்வளவுதான் வந்தது.)

பார்த்தீர்களா என் லட்சணத்தை?

6

டாக்டரை அவசரமாக வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லாம் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினார். பூமிகா கவரை மச்சானிடம் கொடுத்தார். அவர் அதை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே படிங்க மாப்ள. இங்கிலீஷ் எனக்குப் புரியாது. உங்க மூஞ்சி நல்லாப் புரியும்."

பிரித்தேன். கடைசியில் டாக்டர் கையெழுத்தில் இரண்டு வரி. படித்து முடித்து நிமிர்ந்தேன். மச்சான் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் என் தோளில் தட்டிவிட்டு, வாங்க காப்பி சாப்பிடலாம் என்று எழுந்து போனார்.

அந்த இரண்டு வரியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். திருவிழாவும் முடிந்துவிட்டது, அன்று யார் முன்னால் நின்றார் என்பதும் ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். படித்த அந்த நொடியில் என் முகம் மலர்ந்ததா, வாடியதா? மச்சானைக் கேட்டால் சிரிக்கிறார். என் முகத்தை நானே பார்க்க முடியாது. இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள்தான். நீங்கள் சொல்லுங்கள்.