எந்தப் புத்தகம், எந்தக் கட்டம்

சுவரை உடைத்துக்கொண்டு அவன் வந்து விழுகிறான், சாம்பல் நிற அங்கி விரிந்தபடி நிற்கிறது, பெயர்ந்த செங்கல் எல்லாம் அந்தரத்தில் நிற்கின்றன, கீழே விழாது, ஏனென்றால் யாழினி ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தி வைத்திருக்கிறாள், விழுறவன விடும்மா, பின்னாடி பாரு, என்று டிவிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு விரலால் காட்டுகிறாள், ஒருத்தன் விழும்போது அவனை விட்டுவிட்டுப் பின்னால் பார்க்கச் சொல்கிற வீடு ஊரில் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று மங்கை நினைத்துக்கொள்கிறாள், ஆனாலும் பார்க்கிறாள், பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது, பாழடைந்த வகுப்பறை, தூசி, ஒரு பெஞ்சு, பெஞ்சின் மேல் காம்பஸ் முனையால் யாரோ கீறிய நான்கு எழுத்து, எழிலன். அப்பா, அறுபத்திரண்டாவது ஈஸ்டர் எக் கண்டுபிடிச்சிட்டேன், என்று மகள் கூப்பிடுகிறாள், படத்தில் ஒளித்து வைத்த சங்கதிக்கெல்லாம் முட்டை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது மங்கைக்கு இன்றுவரை விளங்கவில்லை, அருணகிரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து பார்க்கிறார், பார்த்ததும் மனுஷனுக்கு முகமெல்லாம் வெளிச்சம், ஒண்ணாவது புத்தகம், அநாதை விடுதிக் கட்டம், ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கும், சாம்பல் பருந்தோட நிஜப் பேரு அதுதான், நாப்பத்தெட்டு புத்தகத்துல ஒரே ஒரு தடவதான் வரும், என்கிறார், சொல்லிவிட்டு அவர் மங்கையின் பக்கம் திரும்பவில்லை, திரும்பாததை மங்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தப் பெயர் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று இருபத்தாறு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவள் அவள், அன்றைக்கு உறையூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகிற பஸ்ஸில், ஜன்னலோரம், எட்டு மாதத்து வயிற்றின் மேல் பழப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் அருணகிரி, பையனா இருந்தா எழிலன்னு வச்சிடலாமா, என்று காதோரம் கேட்கிறார், இந்தப் பேர எங்கேர்ந்து புடிச்சீங்க, என்கிறாள், தோணுச்சு, என்கிறார், யார்கிட்டயும் சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும், என்று அவள்தான் சத்தியம் வாங்கினாள், தோணுச்சு என்று அவர் சொன்னபோது எவ்வளவு இயல்பாக இருந்தது, இப்போது அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், அது பஸ்ஸில் தோன்றியதில்லை, ஏதோ ஒரு அநாதை விடுதி ரிஜிஸ்டரில் ஏற்கெனவே எழுதியிருந்தது, தன் பிள்ளையின் பெயரை யாரோ படக்கதைக்குப் படம் போடுகிற ஆசாமி தனக்கு முன்னாலேயே வைத்துவிட்டிருக்கிறான் என்று நினைத்தவள் எழுந்து போய்க் குக்கரை இறக்கினாள், இறக்க வேண்டிய நேரம் இன்னும் ஆகவில்லை.

சந்தேகம் அன்றைக்கு ஆரம்பித்ததல்ல, அதற்கு விதை போட்டதும் சாட்சாத் அருணகிரியேதான். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆய்வகத்து உதவியாளர், ஸ்குரூ கேஜும் லென்சும் எண்ணி அடுக்குகிற ஆள், ரேஷன் அட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார், ஆனால் சாம்பல் பருந்தில் எந்த வசனத்தைச் சொன்னாலும் எந்தப் புத்தகம், எந்தக் கட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், மாதம் ஒன்றாக நாலு வருஷம் வந்து நின்றுபோன படக்கதை அது, அட்டையில் மட்டும் வண்ணம், உள்ளே தொட்டால் விரலில் ஒட்டுகிற மை, அதைப் படமாக எடுத்து வெளியிட்டபோது முதல் நாளே மூன்று பேருமாகத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள், ஆளப் பாக்காத, ஆளுக்குப் பின்னால பாரு, என்று அவர்தான் காதில் ஓதிக்கொண்டே இருந்தார், கடிகாரத்தில் நாலு எட்டு, அது நாப்பத்தெட்டு, டீக்கடைப் பலகையில் படம் போட்டவரின் பெயர், அவளும் வேறு வழியில்லாமல் பார்த்தாள், பார்க்கப் பார்க்கக் கண் தானாகவே பின்னால் போனது, இடைவேளைக்கு அப்புறம் நெடுஞ்சாலையில் ஒரு துரத்தல், லாரி ஒன்று குறுக்கே வந்து திரும்புகிறது, லாரியின் முதுகில் மஞ்சள் எழுத்து, நீ வரும் வழியே என் ஊர், மங்கையின் கை பாப்கார்னுக்குள் அப்படியே நின்றது. தொண்ணூற்றேழில், பெண் பார்த்துவிட்டுப் போன ஒன்பதாம் நாள் வந்த இன்லேண்டு கடிதத்தின் கடைசி வரி அது, அவள் அக்கா அதைப் படித்துவிட்டு, ஒரு கவிஞரையில்ல கட்டிக்கப்போற, என்று கிள்ளியிருக்கிறாள், இங்கே கவிஞர் பக்கத்து சீட்டில் குனிந்து, பதினேழாவது புத்தகம், லாரி தொரத்துற கட்டம், அப்படியே எடுத்திருக்கான் பாரு, என்கிறார், ஒரு லாரியின் முதுகைப் படித்துவிட்டா நான் கழுத்தை நீட்டினேன் என்று மங்கைக்குச் சிரிப்புதான் வந்தது, கல்யாணத்துக்கு முன்னால் ஆண்பிள்ளைகள் எதைத்தான் எழுதமாட்டார்கள், போனால் போகிறது என்று விட்டுவிட்டாள், ஆனால் பிள்ளையின் பெயர் அப்படிப் போனால் போகிற சமாசாரமில்லை.

திங்கட்கிழமையிலிருந்து மதியங்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன, அருணகிரி பள்ளிக்கூடத்தில், யாழினி முன்னறையில் காதில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் வேலையில், மங்கை ஸ்டூல் போட்டு ஏறி லாஃப்டிலிருந்து மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை இறக்குகிறாள், எல்லாப் புத்தகத்துக்கும் பிரவுன் அட்டை, மேலே எண், முதலில் இருந்து படிக்கிறாள், சண்டைகளைத் தள்ளிவிட்டுப் பேசுகிற இடங்களை மட்டும், பேசுகிறவர்களையும் தள்ளிவிட்டு ஓரத்தில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பதை, பன்னிரண்டாவதில் சுரங்கம் தோண்டுகிற அடியாள் ஒருவன் சொல்கிறான், இருட்டுக்கும் நம்மளப் பாத்தா பயம்தான், அவளுக்கு உடனே முதல் வாடகை வீடு ஞாபகம் வருகிறது, மின்வெட்டில் அவள் கத்தியபோது அருணகிரி கையைப் பிடித்துச் சொன்னது அதுதான், இருபத்திரண்டில் வில்லன் விருந்து மேஜையில் சொல்கிறான், கோபத்த நாளைக்கு வச்சுக்கலாம், இன்னைக்குச் சோறு ஆறுது, அவர்கள் வீட்டில் எத்தனை சண்டை அந்த வாக்கியத்தில் முடிந்திருக்கிறது, ஆக இத்தனை வருஷம் ஒரு வில்லனோடுதான் சமாதானம் ஆகியிருக்கிறாள், நாயகன் பேசியதாவது கிடைத்திருக்கக் கூடாதா என்று தன்னையே கேலி செய்துகொண்டாள், கேலிக்குப் பின்னால் ஆத்திரம் இருந்தது. இன்னைக்கு டீ நல்லாருக்கு, என்று அவர் சாயங்காலம் வந்து சொன்னால், இது எத்தனாவது புத்தகம் என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்கிறது, சும்மா உட்கார்ந்து நகம் வெட்டுகிற மனுஷனை அடுக்களைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்க்கிறாள், ஒருவேளை இந்த ஆளுக்குச் சொந்தமாக ஒன்றுமே சொல்லத் தெரியாதோ, நான் வாழ்ந்தது இவரோடுதானா, இல்லை அந்த அட்டைப்பெட்டியோடா.

ஆனால் அவள் தேடியது இவற்றையெல்லாம் அல்ல, அவள் தேடியது ஒரே ஒரு வாக்கியம், தேடியது அது கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில், மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது, குடிக்கப் பிள்ளை இல்லை, பிள்ளையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி மாமனார் வாங்கிக்கொண்டு போய்விட்டார், பிள்ளையின் முகத்தைக்கூட அவள் முழுசாகப் பார்க்கவில்லை, மாமியார் நல்ல மாதிரிதான், தலையைத் தடவி, இன்னும் பேருகூட வைக்கலம்மா, அத நெனச்சு அழாத, அடுத்தது நல்லபடியா வரும், என்றாள், வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள், எல்லாரும் போன பிறகு அருணகிரி கையிலிருந்த பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், பேரு வச்சிட்டோம் மங்கை, இனிமே அவன் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கட்டிலை விட்டு எழுந்தாள், அதைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள், யாழினி பிறந்தபோது, தலைச்சனா, என்று நர்ஸ் கேட்க, இல்ல, ரெண்டாவது, என்று சொன்னதும் அந்த வாக்கியத்தின் பலத்தில்தான், இப்போது யோசித்தால் அது அச்சு அசலாகச் சாம்பல் பருந்துக்கு எழுதிய வசனமாகவே இருக்கிறது, பெயரைத் தொலைத்த ஒரு நாயகன், அவன் இல்லை என்று சொல்கிற ஊர், எங்கேயோ ஒரு கட்டத்தில் எவனோ ஒரு சிப்பந்தி இதைச் சொல்லத்தான் போகிறான், ஒவ்வொரு பக்கத்தையும் பாதி தூக்கி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பினாள், அந்த வாக்கியமும் இரவல் என்றால் அப்புறம் அந்தப் பிள்ளைக்கென்று இந்த உலகத்தில் எதுவும் மிச்சமில்லை.

இரண்டு வாரத்தில் நாற்பத்தேழு புத்தகம் முடிந்தது, அந்த வாக்கியம் இல்லை, முப்பத்தொன்றாவது புத்தகமும் இல்லை, முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினாள், அது அப்பாகிட்டயே இல்லம்மா, எப்பவோ தொலைஞ்சிருச்சாம், என்று யாழினி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், பிரவுன் அட்டை போட்டு நம்பர் எழுதுகிற மனுஷனுக்குச் சரியாக ஒரே ஒரு புத்தகம் மட்டும் தொலைகிறதாம், மங்கை நம்பவில்லை, பீரோவின் அடித்தட்டில் பார்த்தாள், அவர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பையில் பார்த்தாள், இந்த வயசில் புருஷன் பையைத் துழாவுகிறோமே என்று கூச்சமாக இருந்தது, ஆனாலும் பார்த்தாள்.

இரண்டாம் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை, பகல் பதினொரு மணி, அருணகிரி செய்தித்தாளை விரித்துப் போட்டு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்கிறார், விரலெல்லாம் கறை, மங்கை எதிரில் உட்கார்ந்து ஒரு மடலை உரித்தபடி, சும்மா கேக்குறேன், கிணத்துக்குப் பேச்சு வந்தா மொதல்ல உன்னதான் கேக்கும், இது எதுல, என்கிறாள், பதினாலாவது புத்தகம், கிணத்துக் கட்டம், கிழவி சொல்றது, என்று பூவிலிருந்து நரம்பை உருவியபடியே சொல்கிறார், பிறகு தலைநிமிர்ந்து, நீ எப்ப படிச்ச, என்று கேட்பதற்குள் மனுஷனுக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது, அவள் இன்னொன்று கேட்கிறாள், அதற்கும் பதில் வருகிறது, முப்பத்தொண்ணு எங்க, என்றாள், லேப்ல ஒரு பையனுக்குக் குடுத்தேன், டிசி வாங்கிட்டுப் போய்ட்டான், என்றார், அதில் கதை என்ன என்று கேட்டதும் கட்டம் கட்டமாக முழுசையும் சொன்னார், அந்த வாக்கியம் வரவில்லை, ஆனால் வேண்டுமென்றே தாண்டியிருக்கலாமே. மங்கை மடியிலிருந்த மடலைக் கீழே வைத்தாள், பேரு வச்சிட்டோம், இனிமே அவன் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது, இது எதுல, என்று கேட்டாள்.

அருணகிரியின் கை நின்றது, திரும்பச் சொல்லு, என்றார், சொன்னாள், அவர் உதட்டுக்குள் முணுமுணுத்துப் பார்க்கிறார், யாரு சொல்றது, பருந்தா, அந்த விடுதி வார்டனா, என்று கேட்கிறார், ஒண்ணுல வராது, ஒன்பதுல மயானக் கட்டம் இருக்கு, ஆனா அங்க யாரும் பேசமாட்டாங்களே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார், நடிக்கிறாரோ என்று மங்கை கண்ணை இடுக்கி அவர் முகத்தையே பார்க்கிறாள், நம்ம பருந்துல இல்லையே மங்கை, இருந்தா எனக்குத் தெரியாம இருக்காதே, என்று எழுந்தவர் நேராகப் போய் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்துவிட்டார், பெற்ற மகளையே சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அந்தப் புத்தகங்களைத் தொடவிடாத மனுஷன், வாழைப்பூக் கறையோடு ஒவ்வொரு பக்கமாகத் திருப்புகிறார், பிரவுன் அட்டையெல்லாம் கறுப்பு ரேகை விழுகிறது, அவருக்கு அது தெரியவே இல்லை, அந்தக் கறையைப் பார்த்ததும்தான் மங்கைக்கு மூச்சு வந்தது, இந்த மனுஷனுக்கு நிஜமாகவே தெரியவில்லை, நாற்பத்தெட்டையும் மனப்பாடமாக வைத்திருக்கிறவர் தான் சொன்ன ஒன்றை மறந்துபோயிருக்கிறார், எப்படி மறப்பாய் என்று ஒரு பக்கம் வலித்தது, மறந்தாயே மகராசா என்று இன்னொரு பக்கம் அழுகை முட்டியது. ஸ்டூல் ஆடுகிறது, அவள் போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டாள், தோத்துட்டேன், நீயே சொல்லு, எந்தப் புத்தகம், எந்தக் கட்டம், என்கிறார் மேலேயிருந்து, தொண்ணூத்தொம்பது, ஆவணி மாசம், ஆஸ்பத்திரி, ஜன்னலோரக் கட்டில், என்றாள் மங்கை. பக்கம் திருப்புகிற சத்தம் நின்றது, நானா சொன்னேன், என்று கேட்டார், ஆமா, நீங்கதான் சொன்னீங்க, என்றாள்.