இரட்டைக் குழாய்

தரகனின் கார் பட்டறைக்குள் நுழைந்தபோது அவன் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. தலைமுடியை அந்தப் பக்கமாக இழுத்துவிட்டு மறைத்திருந்தாள். பட்டறை அவளுடைய தம்பியினுடையது. வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தவன் காரைப் பார்க்கவில்லை, அக்காவின் கன்னத்தைத்தான் பார்த்தான்.

“மாப்ளே, பின்னாடி ரெண்டு சைலன்சர் வேணும். பளபளன்னு இருக்கணும். மனை பாக்க வர்றவன் வண்டியப் பாத்தே வாயப் பொளக்கணும்” என்றான் தரகன்.

“நாலு சிலிண்டர் வண்டிக்கு எதுக்கு மாமா ரெண்டு? ஒண்ணே தாராளம். இழுவைதான் குறையும், மேட்டுல திணறும்.”

“உன் மூக்குல எத்தன ஓட்டை? ரெண்டு இருக்குல்ல? திணறிக்கிட்டா இருக்க? சொன்னதைச் செய்டா.”

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்து வைத்தான்.

“சத்தம் எப்படி வேணும் மாமா?”

“நான் வர்றது ஊருக்கே கேக்கணும்.”

“கேக்கும் மாமா. கேக்க வேண்டியவங்களுக்கு நல்லாவே கேக்கும்.”

தரகன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனதும், தம்பி புது சைலன்சர் டப்பாக்கள் இரண்டையும் அறுத்துப் பிளந்தான். சத்தத்தை விழுங்குவதற்காக உள்ளே இருந்த பஞ்சையும் தகடுகளையும் பிடுங்கி மூலையில் எறிந்தான். வெறும் கூடுகளை மறுபடி ஒட்டினான். பிறகு காருக்கடியில் புகுந்துகொண்டான். அக்காவுக்கு அவன் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. பேச்சு அடியிலிருந்து வந்தது.

“அக்கா, தண்ணித் தொட்டி முக்குல திரும்பறப்பவே உனக்குக் கேட்டுரும். அங்கேருந்து மேடு ஏறி இறங்கித்தான் உங்க வீடு. அதுக்குள்ள பாப்பாவை வெளியேத்திரு.”

“அவரு ஒண்ணும் அவ்வளவு மோசம் இல்லடா.”

“பல்லு ஆடுதா?”

அவள் நாக்கால் தொட்டுப் பார்த்தாள். “ஆடுது.”

அவன் வெளியே வந்தபோது முழங்கையில் புதிதாக ஒரு சூடு சிவந்திருந்தது. பழைய தழும்புகளுக்கு நடுவே அதற்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. “துணி புடிச்சுத் தொடக்கூடாதாடா? அடுப்படியில ஒரு நாள் நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்று அவள் திட்டினாள். அன்று அவள் வாயிலிருந்து தயங்காமல் வந்த பேச்சு அதுதான்.

அதன் பிறகு அந்த வீடு காதால் பிழைத்தது. மாலையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உறுமல் கேட்டதும் அடுப்பை அணைப்பாள். அரிவாள்மனையை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளுவாள். பாப்பாவைப் பின்வாசல் வழியாகத் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். அவன் சீட்டியடித்துக்கொண்டு இறங்கினால் வியாபாரம் முடிந்திருக்கிறது என்று அர்த்தம், செருப்பைக் கழற்றிவிடுவாள். கார்க் கதவை அறைந்து சாத்தினால் அவளும் பின்வாசலில் மறைந்துவிடுவாள். சிக்கிய நாட்களும் உண்டு. அப்போது அவன் கதவைத் தாழிட்டுவிட்டு, எப்போதும் சொல்வதைச் சொல்லுவான்: “சத்தம் போடாத. அக்கம்பக்கத்துல கேக்கும்.” சொல்லிவிட்டுத்தான் அடிப்பான்.

ஒரு நாள் சீட்டியடித்துக்கொண்டே உள்ளே வந்தவன், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டான்.

“வீட்டுக்குள்ள எதுக்குடி செருப்பு?”

“தரை ஈரமா இருந்துச்சுங்க.”

அவன் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவினான். காய்ந்து கிடந்தது. செருப்பைப் பிடுங்கி அவள் வாயிலேயே அடித்தான். ஆடிக்கொண்டிருந்த பல் அன்று விழுந்தது.

“நான் வர்றப்பல்லாம் பாப்பா எங்கடி போகுது? எப்படித் தெரியுது உங்களுக்கு?”

அவன் வாசலுக்குப் போய், சூடு ஆறாமல் டிக் டிக்கென்று முனகிக்கொண்டிருந்த குழாய்களைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். அடியைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

“உன் தம்பி பெரிய மூளைக்காரன்டி.”

மறுநாள் சாயங்காலம் பால் காய்ந்துகொண்டிருந்தது. பாப்பா வாசல் கேட்டுக்கு வெளியே சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். பிடிதுணியும் கையுமாக அடுப்படியில் நின்றவளுக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது. மூச்சு விட்டு விட்டுப் பேசினான்.

“அக்கா, ஆஸ்பத்திரியில இருக்கேன். மாமா பட்டறை ஷட்டரை இறக்கிட்டு ஜாக்கி கம்பியால அடிச்சுட்டாரு. வலது கை போச்சு. அது கெடக்கட்டும். இனிமே நீ காதை நம்பாத. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு இப்பவே கெளம்பு.”

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கார் ஏற்கெனவே மேட்டின் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, பூனை போல, ஒரு முனகலும் இல்லாமல் சரிவில் உருண்டு வந்துகொண்டிருந்தது. ஊருக்கே கேட்க வேண்டும் என்றவன் அன்று ஊமையாக வந்தான்.

எஞ்சின் ஓடாத காரில் பிரேக் ஒரு மிதி, இரண்டு மிதிதான் கேட்கும். பிறகு கல்லாக இறுகிவிடும். தரகன் சரிவு தொடங்குமுன்பே அதை மிதித்துத் தீர்த்திருந்தான். ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து, இரண்டு காலாலும் உதைத்துக்கொண்டிருப்பது அவன் தோள்களின் துடிப்பிலேயே தெரிந்தது. கார் நேராகக் கட்டங்களை நோக்கி வந்தது. பாப்பா முதுகைக் காட்டி ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் ஓடிய ஓட்டத்தில் கதவு தோளில் இடித்தது தெரியவில்லை. குழந்தையின் சட்டையைப் பற்றி இழுத்துக்கொண்டு சாக்கடைக்கு அந்தப்புறம் விழுந்தாள். கார் கேட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. பின்சக்கரம் சாக்கடையில் இறங்க, பளபளத்த குழாய்களில் ஒன்று கல்விளிம்பில் மாட்டி முறிந்து தெருவில் விழுந்தது.

கார்க் கதவு திறந்தது. நெற்றி பிளந்து, ஒரு கண்ணில் ரத்தம் வழிய அவன் இறங்கினான். மகளுக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை.

“அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னைக் கொல்லப் பாத்தீங்களாடி!”

குனிந்து, கிடந்த குழாயை வலது கையால் அள்ளினான். ஊரெல்லாம் சுற்றி வந்த குழாய். எஞ்சின் அணைந்தால் சூடும் அணைந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ. உள்ளங்கை அதில் ஒட்டிக்கொண்டது. தோல் பொசுங்கும் நாற்றம் முதலில் வந்தது, அலறல் பிறகு வந்தது. கையை உதறினான். குழாய் உருண்டு அவள் காலருகே வந்து நின்றது.

பிடிதுணி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்குவதுபோல, துணியைச் சுற்றிக் குழாயை எடுத்தாள்.

“ஏய், போடுடி அதை” என்றான் அவன். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

அவள் முழங்காலைப் பார்த்து வீசினாள். எலும்பு நொறுங்கும் ஓசை அவளுக்கே கேட்டது. அவன் சரிந்து விழுந்தான். இன்னொரு முறை வீசினாள். இடுப்பில் விழுந்தது. மூன்றாம் முறை தலைக்கு மேலே ஓங்கியபோது அவன் வெந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு தெருவே அதிரக் கத்தினான். தையல்காரி வெளியே ஓடி வந்து, வாயில் கை வைத்து நின்றுவிட்டாள்.

“சத்தம் போடாதீங்க” என்றாள் அவள். “அக்கம்பக்கத்துல கேக்கும்.”

ஓங்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பாப்பா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நடுங்குவது காலில் தெரிந்தது. குழாயைச் சாக்கடையில் எறிந்தாள். தண்ணீர் சீறியது.

“அக்கா, வண்டியக் கூப்பிடுங்க, இவரைத் தூக்கிட்டுப் போகட்டும்” என்று தையல்காரியிடம் சொல்லிவிட்டு, பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“எங்கம்மா போறோம்?”

“மாமாகிட்ட. மாமாவுக்குக் கையில அடிபட்டிருக்கு. சோறூட்ட ஆள் வேணும்ல?”

“உன் செருப்பு?”

உள்ளே பால் பொங்கித் தீயும் வாசனை வந்தது. அவள் திரும்பவில்லை. வெறுங்காலோடு மேட்டில் ஏற ஆரம்பித்தாள்.